அதே மருந்து

2024 டிசம்பர் முதல் வாரத்தை அண்ணாமலையைச் சுற்றி வாழ்பவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஃபெஞ்சல் புயலின் மழை விடாது பெய்த ஞாயிற்றுக்கிழமை, டிசம்பர் 1 அன்று, வ.உ.சி. நகரில் மலைச்சரிவு ஒரு வீட்டை மூடி ஏழு உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களில் ஐவர் குழந்தைகள். ஊர் முழுவதும் அத்துயரத்தின் பக்கம் திரும்பியிருந்த அந்த நாட்களில், வேங்கிக்காலில் எங்கள் வீட்டில் சொல்லக் கூசும் அளவுக்குச் சிறியதாய் வேறொரு கவலை இருந்தது. மகளின் இன்சுலின் தீரும் நிலையில் இருந்தது.

செவ்வாய் மாலை மருந்துக்கடைக்குப் போனோம். "பேனாவுல போடுற கார்ட்ரிட்ஜ் வரல சார். விழுப்புரம் பக்கம் வண்டியே வரமுடியலயாம். அதே மருந்து பாட்டில்ல இருக்கு, எடுத்துக்கிறீங்களா?" என்றார் கடைக்காரர். நல்ல மனிதர். அவர் சொன்னதில் பொய்யில்லை. பேனாவில் இருந்ததும் குப்பியில் இருந்ததும் ஒரே 30/70 கலவை இன்சுலின்தான். வாங்கிக்கொண்டு வந்தோம். பேனா பழுதானால் உதவும் என்று என்றோ வாங்கிவைத்த சிரிஞ்சுப் பொட்டலம் ஒன்று குளிர்பதனப் பெட்டியின் மேல் கிடந்தது. ஆரஞ்சு மூடி போட்டவை. அதில் வழக்கமான அளவை, இரவு 12 யூனிட், காலை 20 யூனிட் என எடுத்துப் போட்டோம்.

புதன் காலை சர்க்கரை 296. மழைக்காலத்துச் சளி என்று நினைத்தோம். மழைக்கு வடை சுட்டது நினைவுக்கு வந்து அதன்மேலும் பழி போட்டோம். அன்றிரவு 438. பிள்ளை இரண்டுமுறை வாந்தி எடுத்தாள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். துணைவியார்தாம் குப்பியை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். 40 ஐ.யூ./மி.லி. என்று அதில் அச்சிட்டிருந்தது. சிரிஞ்சின் மேல் 100 என்று இருந்தது.

கணக்கு எளியது. இந்தியாவில் மனித இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட்தான் இருக்கும்; பேனாவில் பொருத்தும் கார்ட்ரிட்ஜில் 100. குப்பிக்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100க்குரியதன் மூடி ஆரஞ்சு. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடுவரை இழுத்தால் வருவது 0.2 மில்லிலிட்டர். குப்பி மருந்தில் அதன் பொருள் 8 யூனிட். ஒன்றரை நாளாக எங்கள் பிள்ளைக்குத் தேவையானதில் ஐந்தில் இரண்டு பங்குதான் போய்ச் சேர்ந்திருந்தது. தவறு தலைகீழாக நடந்திருந்தால், அதாவது 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 கோடுவரை இழுத்திருந்தால், உள்ளே போயிருப்பது 50 யூனிட். அந்த இரவைப் பற்றி இப்போதும் வீட்டில் பேசிக்கொள்வதில்லை.

மருத்துவர் தொலைபேசியில் வழிசொன்னார். கடைக்காரர் இரவு பத்து மணிக்குக் கடையைத் திறந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சுகளைக் கொடுத்தார். விடிவதற்குள் எண் இறங்கியது. வாந்தி நிற்காமல் போயிருந்தால் கீட்டோ அமிலம் மிகுந்து மருத்துவமனையில்தான் விடிந்திருக்கும். பிழை எங்களுடையது, கடைக்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் தமிழ் கற்பித்துப் பிழைக்கும் நமக்கு 'அதே' என்னும் சொல்லின்மீது அன்றிலிருந்து ஓர் ஐயம் விழுந்துவிட்டது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

முதலாம் வகை நீரிழிவு பற்றி இரண்டு சொற்கள். உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. உணவுப் பழக்கத்தால் வருவதன்று. மாத்திரையால் ஆவதும் ஒன்றுமில்லை. தெருவில் நால்வருக்கு இருக்கும் சர்க்கரை வியாதியும் இதுவும் தமிழில் ஒரே பெயரைச் சுமப்பதால், சிறுகுறிஞ்சானும் ஆவாரம்பூவும் கொண்டு வராத உறவினர் எங்களுக்கு இல்லை. அவர்கள் அன்பில் குறையில்லை. ஆனால் அவர்கள் சொல்கிறபடி இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும். 1922 ஜனவரியில் டொரொண்டோ மருத்துவமனையில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும்வரை, இந்நோய் வந்த குழந்தைகளைப் பட்டினி போட்டு நாட்களை நீட்டிப்பதைத் தவிர மருத்துவத்துக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை.

இன்சுலின் என்று ஒருமையில் சொல்கிறோம். அது ஒன்றல்ல. வெறும் மனித இன்சுலின் சாப்பிடுவதற்கு அரைமணி முன்னதாகப் போட வேண்டியது. அதைத் தாமதமாகக் கரையச் செய்ய, மீனின் விந்திலிருந்து எடுக்கும் புரோட்டமின் என்னும் பொருளோடு சேர்த்தவர் டென்மார்க்கின் ஹாகெடோர்ன். 1946இல் உருவான அந்த என்.பி.எச். இன்சுலின்தான் இன்றும் கலவைக் குப்பியின் 70 பங்கு. கலங்கலாக இருக்கும், உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டிக் கலக்காமல் போட்டால் ஒருநாள் தண்ணீரும் ஒருநாள் வண்டலும் உடம்புக்குள் போகும். போட்ட நான்கு மணி நேரத்துக்குப் பிறகு அது உச்சம் கொள்ளும். மாலை ஏழு மணிக்குப் போட்டால் உச்சம் நள்ளிரவில், பிள்ளை உறங்கும்போது. 2000ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த கிளார்ஜின் இப்படி மலையேறி இறங்குவதில்லை. அமிலக் கரைசலாகக் குப்பியில் தெளிந்திருக்கும் அது, தோலுக்கடியில் போனதும் நுண்படிவாக உறைந்து ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் கசிந்துகொண்டிருக்கும். அந்த அமிலத் தன்மையால்தான் அதை வேறு இன்சுலினோடு ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. அதனோடு ஒவ்வொரு வேளை உணவுக்கும் விரைவில் வேலைசெய்யும் இன்சுலின் ஒன்று தனியே வேண்டும். இரண்டு ஊசி நான்காகும். வாழ்க்கையும் சற்று நெகிழும்: பள்ளியில் மணி பதினொன்று ஆனதும் பசித்தாலும் பசிக்காவிட்டாலும் எதையாவது தின்றாக வேண்டிய கட்டாயம் போய்விடும்.

புதியதெல்லாம் நிறுவனங்களின் வணிகத் தந்திரம், பழையதே போதும் என்று வாதிடும் நண்பர்கள் நமக்கு உண்டு. பாதி உண்மை. மனித இன்சுலின் கெட்ட மருந்தன்று. உலகெங்கும் பல லட்சம் பேரை வாழவைத்தது, இன்றும் வாழவைக்கிறது. முதலாம் வகையினருக்குப் புதியவை தரும் முதன்மையான ஆதாயம் இரவில் சர்க்கரை தாழ்ந்து போவது குறைவதுதான். உறங்கும் பிள்ளையின் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று இரவு இரண்டு மணிக்குத் தொட்டுப் பார்த்தவர்களிடம் அந்த ஆதாயம் சிறிது என்று சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் நீண்ட நேர வகையை 2021இலும் விரைவு வகையை 2025இலும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. இந்திய அரசின் பட்டியலில் கிளார்ஜின் 2022இல் இடம்பெற்றது.

ஆனால் தேர்வு என்ற சொல்லையே நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோமோ என்று தோன்றுகிறது. இன்சுலினை மாற்றுவது பெரும்பாலும் நோயாளியின் முடிவாகவே இருப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் அரசு மருத்துவமனைகளுக்கு மனித இன்சுலின் பேனாக்களை வழங்கிவந்த நோவோ நார்டிஸ்க் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காததால், 2024இல் அங்கே பேனாவிலிருந்து குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் திரும்ப நேர்ந்தது. அதே நிறுவனம் மனித இன்சுலினைப் பேனா வடிவில் இந்தியாவிலும் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2025இல் செய்தி வந்தது. குப்பிகள் தொடரும் என்றார்கள். உடல் எடை குறைக்கும் ஊசிகளுக்கு உலகம் முழுவதும் தேவை ஏறியதோடு இதைச் சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. காரணம் எதுவாயினும் விளைவு ஒன்று. பேனாவில் பழகிய கைகள் குப்பிக்குப் போகும், அல்லது வேறு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜுக்குப் போகும். ஒரு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜ் இன்னொன்றின் பேனாவில் பொருந்தாது என்பதால் பேனாவையும் மாற்ற வேண்டிவரும். புயல் நாளில் எங்கள் வீட்டில் நடந்த பிசகு எத்தனை வீடுகளில் நடந்திருக்கும், நடக்கப்போகிறது என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. பிரிட்டன் 1983இலேயே நாடு முழுவதையும் 100 யூனிட் என்னும் ஒரே வலிமைக்கு மாற்றிவிட்டது. நாம் இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் கையில் இருந்த குப்பியிலோ சிரிஞ்சுப் பொட்டலத்திலோ ஓர் எழுத்துத் தமிழ் இல்லை. கணையம், சுரப்பு, நாளமில்லாச் சுரப்பி என்று கலைச்சொல் ஆக்குவதில் நம்மவர்கள் செலவிட்ட மணிநேரத்தில் ஒரு மணியை, 'நாற்பது குப்பிக்குச் சிவப்பு மூடி' என்று ஓர் ஒட்டுச்சீட்டு அச்சிடச் செலவிட்டிருக்கலாம். இது நமக்கும் சேர்த்தே சொல்வது.

சிரிஞ்சைப் பற்றிப் பேசி அளவைக் கருவியை மறந்துவிட்டோம். உண்மையில் அந்த டிசம்பர் நாட்களில் நாங்கள் செய்த பெரிய பிழை மூடியின் நிறத்தைக் கவனிக்காததல்ல. ஐம்பது ஸ்ட்ரிப் கொண்ட டப்பியை இருபத்தைந்து நாள் இழுக்க வேண்டும் என்று நாளுக்கு இரண்டுமுறைக்கு மேல் சோதிக்காததுதான். மருந்தின் வடிவம் மாறிய அன்றே நான்குமுறை விரலில் குத்திப் பார்த்திருந்தால் புதன் நண்பகலிலேயே விளங்கியிருக்கும். இன்சுலினுக்குக் கணக்குப் பாராமல் கொடுக்கும் கை, ஸ்ட்ரிப்புக்கு ஏனோ கணக்குப் பார்க்கிறது.

எந்தக் கருவி நல்லது என்று கேட்பவர்களுக்கு நாம் சொல்வது, கருவியைப் பாராதீர்கள், ஸ்ட்ரிப்பைப் பாருங்கள் என்பதே. கருவியை இலவசமாகக்கூடத் தருவார்கள். செலவு ஸ்ட்ரிப்பில் இருக்கிறது. வேங்கிக்காலில் இரண்டு கடைகளிலாவது எப்போதும் கிடைக்கும் ஸ்ட்ரிப் எந்தக் கருவிக்குரியதோ அதுவே நமக்குச் சிறந்த கருவி. 2013ஆம் ஆண்டின் பன்னாட்டுத் தர விதிப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் நூற்றுக்கு 95 முறையாவது ஆய்வகக் கணக்குக்கு 15 விழுக்காட்டுக்குள் கருவி காட்ட வேண்டும். 100க்குக் கீழே என்றால் 15 மில்லிகிராமுக்குள். அதாவது 200 என்று காட்டுவது 175ஆகவும் இருக்கலாம், 230ஆகவும் இருக்கலாம். இது தெரிந்தால், இரண்டு கருவியில் இரண்டு எண் வந்ததென்று கலங்க மாட்டோம். டப்பியின் மூடியைத் திறந்து போட்டால் ஸ்ட்ரிப் ஈரம் வாங்கிக் கெடும். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்திப் பார்த்து 310 கண்டு பதறிய வரலாறும் எங்கள் வீட்டில் உண்டு. கழுவிவிட்டுப் பார்த்தால் 142.

கையில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் வேறு வகை. மேற்கையின் பின்புறத்தில் ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை. தோலுக்கடியில் மயிரிழை போன்ற ஓர் இழை. பதினான்கு நாள், இரவும் பகலும், சில நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைச் சொல்லும். எண்ணைவிடவும் பயனுள்ளது அதன் பக்கத்தில் வரும் அம்புக்குறி. 110 என்பது ஏறும்போது ஒன்று, இறங்கும்போது வேறொன்று. குறையும் உண்டு. அது அளப்பது இரத்தத்தையன்று, திசுக்களுக்கிடையிலுள்ள நீரை. ஆகையால் சில நிமிடம் பின்தங்கியே வரும். ஒரு பௌர்ணமியில் பாட்டியோடு கிரிவலம் நடந்த மகளுக்கு, அடி அண்ணாமலை தாண்டியதும் சென்சார் 92 என்றது, அம்பு கீழ்நோக்கி. விரலில் குத்திப் பார்த்தால் 66. பதினான்கு கிலோமீட்டரில் பாதிக்குமேல் நடந்திருந்தாள். வழியோர லிங்கத்தைப் பற்றிப் பாட்டி சொல்லிக்கொண்டிருக்க, அவள் குளுக்கோஸ் மாத்திரையைச் சப்பிக்கொண்டு நின்றாள். அந்தக் கையின்மேல் ஒருக்களித்துப் படுத்தாலும் அழுத்தத்தால் பொய்யாக எண் தாழும். சித்திரை வெயிலின் வியர்வையில் பசை விட்டுப்போகும். எல்லாவற்றுக்கும் மேலே விலை. ஒரு சென்சார் நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு இருபத்தாறு வேண்டும். ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. அரசு ஊதியம் வாங்கும் வீட்டிலேயே அது இயலாது என்றால், செங்கத்திலோ சவ்வாது மலையிலோ இருக்கும் வீட்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது.

இருப்பினும் அதைச் செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவதும் சரியன்று. 2025 ஜூனில் மருத்துவர் மகளைக் கலவையிலிருந்து கிளார்ஜினுக்கும் விரைவு இன்சுலினுக்கும் மாற்ற முடிவுசெய்தபோது, ஒரே ஒரு சென்சார் வாங்கினோம். மாற்றத்துக்கு ஏழு நாள் முன்னதாக ஒட்டினோம். முதல் ஏழு நாள் பழைய மருந்தில் கழிந்தது. காலையில் 240 வருகிறதே என்று நாங்கள் மாலை அளவைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தோம். அந்த ஏழு இரவில் மூன்றில் நள்ளிரவுக்கும் மூன்று மணிக்கும் இடையே எண் 60க்குக் கீழே போயிருந்தது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. எட்டாம் நாள் புதிய மருந்து தொடங்கியது. நாளுக்கு 32 யூனிட் கலவையில் நீண்ட நேரப் பங்கு ஏறத்தாழ 22. இருமுறை போட்டுவந்த என்.பி.எச்.சிலிருந்து ஒருமுறை கிளார்ஜினுக்குப் போகும்போது ஐந்தில் ஒரு பங்கு குறைத்துத் தொடங்குவது வழக்கம் என்று சொல்லி, மருத்துவர் 18இல் தொடங்கினார். (இது அவள் உடம்புக்கு அவர் போட்ட கணக்கு, வேறு எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.) அடுத்த ஏழு நாளும் சென்சாரின் கோட்டைப் பார்த்துப் பார்த்து இரண்டுமுறை திருத்தினார். ஸ்ட்ரிப்பை மட்டும் நம்பியிருந்தால் ஒன்றரை மாதம் ஆகியிருக்கும் என்றார். பிறகு கழற்றிவிட்டு ஸ்ட்ரிப்புக்குத் திரும்பினோம். இப்போது நாளுக்கு ஐந்து.

ஆகவே நம் கருத்து இது. ஆண்டுக்கு ஒரு சென்சார்தான் வாங்க முடியும் என்றால் அதைப் பிறந்தநாளுக்கு வாங்காதீர்கள், இன்சுலின் மாறும் பதினான்கு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் நோயாளியின் விருப்பமின்றி நேர்கிறதென்றால், நிறுவனம் நிறுத்திவிட்டதாலோ மருத்துவமனையின் கொள்முதல் மாறிவிட்டதாலோ நேர்கிறதென்றால், அந்தப் பதினான்கு நாளின் செலவை நோயாளியின் தலையில் வைப்பது நியாயமாகாது. மருந்தை மாற்றுகிறவர்கள் அளக்கும் கருவியையும் சேர்த்தே தர வேண்டும். இது ஆகாத காரியமன்று. இங்கிலாந்தில் முதலாம் வகையினர் அனைவருக்கும் சென்சார் தரலாம் என்று 2022இல் அந்நாட்டு மருத்துவ நெறிமுறை அமைப்பு பரிந்துரைத்தது. அவ்வளவு தூரம் போவானேன். பக்கத்துக் கேரளத்தில் இந்நோயுள்ள குழந்தைகளுக்கு இன்சுலின் பேனாவும் சென்சாரும் தர ஒரு திட்டம் இருக்கிறது. அதற்கு 'மிட்டாய்' என்று பெயர் வைத்தவரின் துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை. சர்க்கரை என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுருக்கும் நம் ஊரில் இப்படி ஒரு பெயரைக் கோப்பில் கையெழுத்திட்டு அனுப்ப யாருக்கு மனம் வரும்?

தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடுவரை மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம், எங்கள் தெருவின் முதியவர்கள் அதை நம்பியிருக்கிறார்கள். அதே பையில் முதலாம் வகைக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு மாதம் இரண்டு டப்பி ஸ்ட்ரிப் வந்தால் என்ன என்பதே கேள்வி. அளக்க வழியில்லாதவரிடம் இன்சுலினைக் கொடுப்பது, இருட்டில் நடப்பவனுக்குச் செருப்பு மட்டும் கொடுப்பதைப் போன்றது.

இலக்கியம் பேசுமிடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் நீரிழிவு நோயாளிகளுக்கென்று 1934இல் ஒரு சங்கம் அமைத்தவர்கள் இருவர். ஒருவர் ஆர்.டி. லாரன்ஸ் என்னும் மருத்துவர். 1923இல் இன்சுலின் கிடைத்ததால் உயிர் பிழைத்தவர். மற்றவர் எச்.ஜி. வெல்ஸ், காலயந்திரத்தையும் கண்ணுக்குத் தெரியாத மனிதனையும் எழுதிய அதே வெல்ஸ். அவரும் நீரிழிவுக்காரர்தான்.

நமக்கு அவ்வளவு பெரிய முயற்சிகள் கைவராது. ஆட்சியர் அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது. திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில், எங்களைப் போன்ற இன்னும் நான்கு குடும்பங்களோடு சேர்ந்து ஒரு மனு கொடுத்தோம். இரண்டே கோரிக்கைகள். இன்சுலின் பெறும் குழந்தைகளுக்கு அதனோடு ஸ்ட்ரிப். குப்பி வழங்கும் இடங்களிலெல்லாம் சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி பற்றித் தமிழில் ஒரு சீட்டு. சீட்டின் வாசகத்தை நாங்களே எழுதி இணைத்தோம்; ஆறு வரி. அதில் 'ஊசிக்குழல்' என்று போடுவதா 'சிரிஞ்சு' என்று போடுவதா என்று வீட்டில் ஒரு மாலை முழுவதும் வழக்கு நடந்தது. மகள் 'சிரிஞ்சு' என்றாள். அப்படியே போட்டோம்.